நாயோடு ஓடலாமா? பி.டி. டீச்சர் பதில்கள்

போன இதழில் நாய்களுக்கான அஜிலிட்டி போட்டி, அதாவது ஆளோடு சேர்ந்து ஓடி நாய் தடைகளைக் கடக்கும் போட்டி பற்றி ஒரு பக்கம் எழுதப்போக, ஆசிரியர் குழு ஒரு கட்டுக் கடிதத்தை எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. பாதிக்கு மேல் நம் குமரி மாவட்டத்திலிருந்தே. வெளியூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த முறை ஊர்க்காரர்களுக்கு முதல் பந்தி.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தக்கலைக்குப் பக்கத்தில் வீடு, பின்னால் கொஞ்சம் விளை, அதாவது தோட்டம். சாளை என்று ஒரு நாட்டு நாய், பவுன் என்று ஒரு சிப்பிப்பாறை. விசில் இன்னும் கழுத்தில்தான் கிடக்கிறது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

போன இதழை வாங்கத் தவறிவிட்டேன். இது நாய்க் கண்காட்சியா, ஓட்டப் பந்தயமா?
– வங்கி ஊழியர், கருங்கல்

இரண்டும் இல்லை. 1978-இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி நடந்தபோது, நிகழ்ச்சிகளுக்கு நடுவில் கூட்டம் சலிப்படையாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. குதிரைகளைத் தடை தாண்ட வைக்கும் போட்டியைப் பார்த்து, அதையே நாய்களுக்குச் சின்னதாக அமைத்துக் காட்டினார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 1980-இல் அங்குள்ள கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கம் அதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச அமைப்பின் உலகக் கோப்பை 1996 முதல் நடக்கிறது.

களத்தில் 15 முதல் 22 வரை தடைகள் இருக்கும். தாண்டும் கம்பி, டனல் என்ற குழாய்ச் சுரங்கம், கூரை போல் சாய்த்த பலகைகளில் ஏறி இறங்கும் ஏ-ஃபிரேம், ஒற்றைப் பலகைப் பாலம், சீசா, வளைந்து வளைந்து போகும் கம்பு வரிசை, டயர். எந்த வரிசையில் ஓட வேண்டும் என்பதை நடுவர் அன்றைக்குத்தான் வகுப்பார். நாய் இல்லாமல் நாம் மட்டும் ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்ள நேரம் தருவார்கள். அப்புறம் நாயின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட வேண்டும். கையில் தீனியோ பந்தோ கூடாது. நாயைத் தொடவும் கூடாது. கம்பி விழுந்தால் 5 பிழைப் புள்ளி, ஏறி இறங்கும் தடைகளில் வண்ணம் அடித்த பகுதியில் கால் வைக்காமல் குதித்தால் 5, தடைக்கு முன்னால் வந்து மறுத்தால் 5. மூன்றாவது மறுப்புக்கு வெளியே. தடையை மாற்றி எடுத்தாலும் வெளியே. பிழை குறைந்தவர், அதில் வேகமானவர் ஜெயிப்பார்.

தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய், ஒன்றே கால் வயது. இதற்கெல்லாம் சாதி நாய்தான் வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. உண்மையா?
– தையல் கடை வைத்திருப்பவர், அழகியமண்டபம்

அண்ணாச்சியிடம் நிம்பிள் பற்றிச் சொல்லுங்கள். நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் 2024-ஆம் ஆண்டின் அஜிலிட்டிப் பட்டம் வாங்கியது அதுதான். பார்டர் கோலியும் பாப்பியோனும் கலந்த கலப்பு நாய். அந்தப் பட்டம் ஒரு கலப்பு நாய்க்குப் போனது அதுவே முதல் முறை. எஃப்.சி.ஐ. உலகக் கோப்பைக்கு மட்டும் வம்சாவளிச் சான்று கேட்பார்கள். அங்கே போகும் அவசரம் உங்களுக்கு இப்போது இருக்காது என்று நினைக்கிறேன்.

சாளையும் சந்தைக்குப் பின்னால் மீன் தலைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த குட்டிதான். நாட்டு நாய்க்கு நடுத்தர உயரம், எடை குறைவு, முதுகு அதிகம் நீளமில்லை, நம் வெயில் பழக்கம். இந்த விளையாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதற்குள்ள ஒரே சிக்கல் சந்தேகம். புதுப் பொருளைக் கண்டால் நாலு அடி தள்ளி நின்றுதான் யோசிக்கும். தெருவில் பிழைத்ததே அந்தப் புத்தியால்தான், அதைக் குறை சொல்லக் கூடாது. டனலை விளையில் சும்மா போட்டு வையுங்கள். அதற்குள்ளே சோற்றுத் தட்டை வையுங்கள். இழுக்காதீர்கள், தள்ளாதீர்கள். ஒரு நாள் தானே போகும்.

வயதைப் பொறுத்தவரை, எஃப்.சி.ஐ. விதிப்படி போட்டியில் ஓட 18 மாதம் நிறைய வேண்டும். எலும்பின் வளரும் முனைகள் மூடாத வயதில் உயரமாகக் குதிக்க வைத்தால் கால் கோணிவிடலாம். இப்போதைக்குக் கம்பியைத் தரையில் போட்டே பழக்குங்கள். ரேபிஸ் ஊசி, குடும்பக் கட்டுப்பாடு இரண்டும் முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நாய்க்கு எதுக்கு டீச்சர் இந்த சர்க்கஸ்?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், இரணியல்

உங்கள் வீட்டு நாய் காலையிலிருந்து என்ன செய்கிறது, சார்? சங்கிலியில் கிடந்து, போகிற வருகிற சைக்கிளைப் பார்த்துக் குரைக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான்.

இதில் பெல்ட் கிடையாது, குச்சி கிடையாது. நாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் அது களத்தை விட்டுப் போய்விடும், பிடித்துவைக்க நமக்கு வழியே இல்லை.

என் சிப்பிப்பாறை நேராக விட்டால் அம்பு. ஆனால் இரண்டாவது கம்பியைத் தாண்டியதும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலி வரை போய்த்தான் நிற்கிறான். தொண்டை கிழியக் கூப்பிட்டாயிற்று.
– பூ விவசாயி, தோவாளை

இந்தக் கடிதத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். பவுனை வைத்திருப்பவளுக்கு உங்கள் தொண்டை வலி தெரியும்.

சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் ஜாதி. தெற்குச் சீமைக் கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னால் ஓடவென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. வனவிலங்குச் சட்டம் வந்து முயல் வேட்டையை நிறுத்தியது, காலுக்கு அந்தச் சட்டம் தெரியாது. மனிதன் பின்தங்கிவிட, நாய் தானே முடிவெடுத்து ஓட வேண்டிய வேலை அது. அதனால் 'திரும்பிப் பார்' என்பது அவனுக்குப் பிறவியிலேயே இல்லாத பாடம். நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை, கம்பிகளை எல்லாம் எடுத்துக் கொட்டகையில் போடுங்கள். ஒரு மாதத்துக்கு அவை வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு 100 மீட்டர் ஹர்டில்ஸ் பழக்குவேன். மொத்தம் 10 தடை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் 8.5 மீட்டர். எல்லாப் பிள்ளையும் தாண்டுவதைத்தான் பழகும். நான் கீழே நடுவில் விழும் மூன்று காலடியைத்தான் பார்ப்பேன், ஏனென்றால் ஓட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் அங்கே. நாய்க்கும் அதேதான். தடைக்கும் தடைக்கும் நடுவில் 5 முதல் 7 மீட்டர் வெறுந்தரை இருக்கும். உங்கள் சிப்பிப்பாறைக்குக் குதிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வெறுந்தரையில் என்ன செய்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் எப்படி விளையாடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பந்தை முன்னால் எறிகிறீர்கள், அவன் பாய்ந்து எடுக்கிறான். கம்பியைத் தாண்டினால் மறுபடி முன்னால் எறிகிறீர்கள். அதாவது, தாண்டியதும் நேராக ஓடு என்று நீங்களே தினமும் கூலி கொடுத்துச் சொல்லித் தருகிறீர்கள். இனிமேல் கூலி உங்கள் காலடியில் கிடைக்கட்டும். ஒரு கம்பில் கயிறு கட்டி, கயிற்று முனையில் பழைய துணியை முடிந்துகொள்ளுங்கள். அதைத் தரையோடு இழுத்தால் சிப்பிப்பாறையின் கண் அதிலிருந்து விலகாது. அவன் உங்களை நோக்கித் திரும்பும் நொடியில் மட்டும் அந்தத் துணி உயிர் பெற வேண்டும். விலகி ஓடினால் துணி செத்துக் கிடக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதைச் சுற்றிவரப் பழக்குங்கள். நாய் வாளியை நெருங்கும்போது நீங்கள் வேகத்தைக் குறைத்து, தோளைத் திருப்பிவிடுங்கள். நாய் நம் வாயைவிடத் தோளையும் பாதத்தையும்தான் முதலில் படிக்கிறது. நீங்கள் நேராக முழு வேகத்தில் ஓடிக்கொண்டே 'திரும்பு, திரும்பு' என்று கத்தினால், உடம்பு ஒன்று சொல்கிறது, வாய் இன்னொன்று சொல்கிறது. நாய் உடம்பைத்தான் நம்பும். அதிலும் நேரம் முக்கியம். கம்பிக்கு முன்னால் அவன் கடைசி எட்டு எடுத்துவைப்பதற்குள் உங்கள் வேகம் குறைந்திருக்க வேண்டும். காற்றில் பறந்துகொண்டிருப்பவனிடம் சொல்லி என்ன பயன்?

பவுனிடம் நான் கவனிப்பது காது. ஓடும்போது இரண்டு காதும் பின்னால் ஒட்டிக் கிடக்கும். நான் வேகம் குறைத்த சத்தம், செருப்பு சரளில் உரசும் சத்தம் கேட்டதும் என் பக்கத்துக் காது மட்டும் லேசாக எழும்பும். அது எழும்பிவிட்டால் அடுத்த எட்டு சின்னதாகிவிடும், முன்னங்கால்கள் சேர்ந்து விழும், திருப்பம் எனக்குக் கிடைத்துவிடும். எழும்பவில்லையா, வேலியில் போய்த்தான் பிடிக்க வேண்டும். வேலி என்றதும் ஞாபகம் வருகிறது: உங்கள் பக்கம் நாலுவழிச் சாலை போகிறது. அடைத்த இடத்தில் தவிர பெல்ட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

ரப்பர் தோட்டத்துக்குள் மரங்களுக்கு நடுவே தடைகளை அமைக்கலாமா? சாமான்களை விலைக்கு வாங்க வேண்டுமா, வீட்டிலேயே செய்யலாமா?
– ரப்பர் விவசாயி, குலசேகரம்

ரப்பர் தோட்ட நிழல் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டாம். ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையை மரத்தோடு கட்டியிருக்கும் கம்பி இருக்கிறதே, அது நமக்கு முழங்கால் உயரம் என்றால் ஓடுகிற நாய்க்குக் கண் உயரம். விடியற்காலை நாய் ஓட நல்ல நேரம், பால் வெட்டுக்கும் அதுதான் நேரம். வெட்டுகிறவர் கையில் கத்தி, காலடியில் உங்கள் நாய். காய் வெடிக்கும் மாதங்களில் விதை வேறு தரையெல்லாம் உருளும். அதில் கால் வைத்தால் சறுக்கும், கடித்துத் தின்றால் இன்னும் மோசம். பச்சை ரப்பர் விதையில் சயனைடாக மாறும் சத்து இருக்கிறது. மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கின் தோலிலும் அதே சங்கதிதான். தோலை உரித்து நாய்க்கு முன்னால் போடாதீர்கள்.

மறுநடவுக்கு வெட்டிய துண்டு நிலம் ஏதாவது இருந்தால் அதைப் பாருங்கள். போட்டிக் களம் 20-க்கு 40 மீட்டர், அதாவது நம் கணக்கில் 20 சென்ட் அளவு. பழக அஞ்சு சென்ட் போதும். தென்னை இருந்தால் காய் விழும் இடத்தை விட்டுத் தள்ளி அமையுங்கள்.

சாமான்களைப் பெரும்பாலும் நம்மூர் பிளம்பிங் கடையிலேயே முடித்துவிடலாம். தாண்டும் கம்பிக்கு ஒரு இஞ்ச் பி.வி.சி. குழாய், எல்போ, டீ இணைப்புகள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குறுக்குக் கம்பியை ஒட்டக் கூடாது. நாயின் கால் பட்டால் எந்தப் பக்கமாகவும் அது தானாக விழ வேண்டும். குழாயை அரைவட்டமாக அறுத்துக் கிண்ணம் செய்து அதன் மேல் சும்மா வைத்தால் சரி. கம்பு வரிசைக்கு 12 கம்பு, கம்புக்குக் கம்பு 60 சென்டிமீட்டர். டனலுக்கு 60 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும், அதை மட்டும் விலைக்கு வாங்கிவிடுங்கள். பழைய டிரம்மை அறுத்துச் செய்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விளிம்பு கிழித்துவிடும், வேண்டாம்.

ஏ-ஃபிரேம், பாலம், சீசா மூன்றையும் ஆசாரியை வைத்துச் செய்யுங்கள். போட்டியில் ஏ-ஃபிரேமின் உச்சி 170 சென்டிமீட்டர், பாலம் 120 முதல் 130, பலகையின் அகலம் 30 சென்டிமீட்டர்தான். ஆனால் தொடக்கத்தில் ஏ-ஃபிரேம் உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கட்டும், பாலத்துக்குப் பலகையைச் செங்கல் மேல் வைத்தால் போதும். பலகை வழுக்கக் கூடாது. ஈரப் பெயின்ட் மேல் சலித்த ஆற்று மணலைத் தூவிக் காயவிட்டு, அதன் மேல் இன்னொரு கோட் அடியுங்கள். கடல் மணல் போட்டால் உப்பு ஆணியைத் தின்றுவிடும். 'எங்களிடம் ரப்பர் ஷீட் இருக்கிறதே, அதை ஒட்டினால் என்ன' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பச்சை ஷீட் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். லாபம் பார்க்க அதை விற்றுவிடுங்கள்.

என் லாப்ரடாருக்கு நாலு வயது, 44 கிலோ. ஆரம்பிக்கலாமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

ஆண் லாப்ரடாருக்கு 29 முதல் 36 கிலோதான் அளவு. விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படும் வரை நடை மட்டும். வீட்டில் பெரியவர்கள் யாராவது மாலைக் காப்பியோடு பழம்பொரி ஊட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். நான் பார்த்த வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் பாட்டிதான்.

ஏ-ஃபிரேமில் ஏறுகிறாள், உச்சியிலிருந்து பாதி வழியிலேயே பறந்து குதித்துவிடுகிறாள். சீசா பக்கமே வர மாட்டேன் என்கிறாள்.
– கல்லூரி மாணவி, குளச்சல்

இரண்டு நோய், இரண்டு மருந்து, மக்கா.

பறப்பதற்கு முதலில். அந்த வண்ணப் பகுதி வைத்திருப்பதே நாயின் தோளைக் காப்பாற்றத்தான். உயரத்திலிருந்து குதித்தால் முழு எடையும் முன்னங்கால் மூட்டில் இறங்கும். ஏ-ஃபிரேமை மறந்துவிட்டு, ஒரு பலகையைத் தரையில் போடுங்கள். பின்னங்கால் இரண்டும் பலகை மேல், முன்னங்கால் இரண்டும் தரையில். இப்படி நின்றால்தான் தீனி. தீனியைத் தரையில், முன்னங்கால்களுக்கு நடுவே வையுங்கள், கையால் உயரத்தில் காட்டாதீர்கள். தலை மேலே போனால் பின்னங்கால் கீழே இறங்கிவிடும். நீங்கள் முன்னால் ஓடினாலும், பின்னால் நின்றாலும், பக்கத்தில் குதித்தாலும் அவள் அப்படியே நிற்க வேண்டும். நீங்கள் 'போ' என்று சொன்ன பிறகுதான் விடுதலை. இது உறுதியான பிறகு பலகையின் ஒரு முனையைச் செங்கல் செங்கலாக உயர்த்துங்கள். அவசரப்பட்டு ஏ-ஃபிரேமுக்குப் போனால் பழைய பறத்தல் திரும்பிவிடும்.

சீசாவில் நாய்கள் பெரும்பாலும் உயரத்துக்குப் பயப்படுவதில்லை, 'டப்' என்று விழும் சத்தத்துக்கும் காலடியில் தரை நழுவுவதற்கும்தான் பயப்படுகின்றன. விழும் முனைக்குக் கீழே கயிற்று மிதியடியை நாலாக மடித்துப் போடுங்கள். பலகையை ஏறக்குறைய தரை மட்டத்துக்கு இறக்கி, அவளே முன்னங்காலால் அழுத்திச் சத்தம் உண்டாக்கட்டும். அவள் உண்டாக்கும் சத்தத்துக்கு அவளுக்குப் பயம் இருக்காது. சத்தத்துக்கு ஒரு துண்டு கோழி. இரண்டு வாரத்தில் சாளை என் அனுமதி இல்லாமலே போய் டப் டப் என்று அடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். மதியம் தூக்கம் போச்சு.

கம்பு வரிசைதான் புரியவே இல்லை. நடுவில் ஒன்றிரண்டைத் தாவிப் போய்விடுகிறது.
– ஆட்டோ ஓட்டுநர், மார்த்தாண்டம்

இருப்பதிலேயே கஷ்டமான தடை அதுதான். நாய்க்கு இயல்பில் இப்படி ஓட வேண்டிய தேவையே வருவதில்லை. 12 கம்பையும் ஒரே வரிசையில் நட்டு, தீனியைக் காட்டி மூக்கைப் பிடித்து இழுத்துச் சென்றால், நாய் உங்கள் கையைப் பின்பற்றப் பழகும், கம்பை அல்ல.

ஒற்றைப்படைக் கம்புகளை இடப்பக்கமும் இரட்டைப்படைக் கம்புகளை வலப்பக்கமும் விலக்கி நட்டு நடுவில் ஒரு சந்து விடுங்கள். நாய் அந்தச் சந்தில் நேராக ஓடட்டும். வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இரு வரிசையையும் நெருக்குங்கள். உடம்பு தானாக வளையத் தொடங்கும். நுழையும் விதி ஒன்றே ஒன்று: முதல் கம்பு நாயின் இடத் தோளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தக் கோணத்திலிருந்து அனுப்பினாலும் அந்த வாசலை அதுவே தேடிப் பிடிக்கும் வரை அடுத்த கட்டம் வேண்டாம். முதுகெலும்புக்கு வேலை அதிகம், எனவே ஒரு நேரத்துக்கு நாலைந்து தடவைக்கு மேல் கேட்காதீர்கள்.

எங்கள் ராஜபாளையத்துக்குக் காது கேட்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி பயிற்சி எதற்கு என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– பள்ளி மாணவன், பூதப்பாண்டி

வெள்ளை நிறமும் செவிட்டுத்தன்மையும் சில நாய் இனங்களில் சேர்ந்தே வரும், தம்பி. ராஜபாளையத்தில் இது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். உன் நாய்க்கு வந்த நோய் இல்லை, பிறவி.

மேலே தோவாளைக்காரருக்கு எழுதியதைப் படி. ஓடும் நாய் பார்ப்பது தோளையும் காலையும் என்று சொன்னேன் அல்லவா? உன் நாய்க்கு அது மட்டுமே இருக்கிறது. அதனால் உன்னை மற்ற நாய்களைவிட அதிகமாகப் பார்க்கும். 'சபாஷ்' என்பதற்குக் கட்டை விரலை உயர்த்து, உடனே தீனி கொடு. விரலுக்கு அப்புறம் தீனி வரும் என்று அதற்குப் பதியட்டும். அப்புறம் உட்கார், நில், வா எல்லாவற்றுக்கும் தோளிலிருந்து முழுக் கையையும் வீசிக் காட்டும் பெரிய சைகைகள். மாலை மங்கிய நேரத்தில் டார்ச் வெளிச்சம் தரையில் ஒருமுறை பட்டால் 'என்னைப் பார்' என்று பழக்கிக்கொள்ளலாம். நாயின் கண்ணில் அடிக்காதே. தூங்கும்போது பின்னால் இருந்து திடீரென்று தொடாதே, தரையைத் தட்டி எழுப்பு, அதிர்வு போதும். ராஜபாளையம் பெரிய உடம்பு, உயரமான தடைகளுக்கு அவசரம் வேண்டாம். வாளியைச் சுற்றுவதிலிருந்து தொடங்கு. ஒரு மாதம் கழித்து எனக்கு எழுது.

கடற்கரையில் வீடு. எந்த நேரத்தில் ஓடவிடலாம்? மழைக்காலத்தில் என்ன செய்வது?
– மணவாளக்குறிச்சி வாசகர்

நம்மூரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கி, அந்த ஈரம் ஆவியாவதில்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எங்கே ஆவியாகும்? அதனால் தெர்மாமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். விடிந்ததும் அரை மணி நேரம், அதிலும் ஓட்டம் மொத்தமாக ஐந்தாறு நிமிடம். மீதி நேரம் நிழலில் படுக்கட்டும்.

நாக்கின் நுனி அகலமாக விரிந்து கரண்டி போல் ஆகிவிட்டால் நிறுத்துங்கள். எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச் சிவந்து, நடை தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றி, விசிறியை நேராக வைத்து, அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈரத்துணியைப் போர்த்திவிட்டுச் சும்மா இருந்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

மழை நமக்கு வருடத்தில் இரண்டு தடவை. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஈரப் பலகையில் நாயை ஏற்றவே கூடாது. அந்த மாதங்களில் வராந்தாவில் நிற்பது, சுற்றுவது, சைகை மாற்றுவது என்று போய்விடும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியை மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள். வயல் வரப்பில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். மழை விட்ட பிறகு உண்ணி கிளம்பும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினமும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயை ரத்தப் பரிசோதனை சரியாகும் வரை ஓட விடக் கூடாது.

எல்லாம் பழகிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு எங்கே போவது?
– பொறியியல் மாணவர், நாகர்கோவில்

இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அதோடு இணைந்த ஊர்ச் சங்கங்கள் நாய்க் கண்காட்சி நடத்தும். அறிவிப்பு வரும்போது அழகுப் போட்டியை மட்டும் பார்க்காமல், கீழ்ப்படிதல் சோதனையோ அஜிலிட்டியோ சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெங்களூரு போன்ற பெரிய ஊர்களில் பழக்கும் குழுக்களும் உண்டு. முதல் தடவை நாயில்லாமல் போய் ஒரு நாள் முழுக்க வேடிக்கை பாருங்கள், நடுவர் எங்கே கை தூக்குகிறார் என்பதைக் கவனியுங்கள்.

அதற்கு முன்னால் ஊரிலேயே நாலு பேர் சேருங்கள். எங்கள் விளையில் ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் நடக்கிறது. ஒருவர் தடைகளை அடுக்கி எண் வைப்பார், அவர் அன்றைக்கு ஓடக் கூடாது. ஒருவர் கையில் ஸ்டாப் வாட்ச், ஒருவர் விழுந்த கம்பியை எடுத்து வைப்பார். மற்ற நாய்கள் கட்டிக் கிடந்து கத்திக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல்தான் வேண்டியது. வீட்டில் தனியாக அழகாக ஓடும் நாய், பக்கத்தில் இன்னொரு நாய் குரைத்தால் உங்களை மறந்துவிடும். சாளை முதலில் எண் பலகைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஓடுவேன் என்று நின்றாள்.

சென்னைக்கு ரயிலில் கொண்டுபோக நினைத்தால், ஏ.சி. முதல் வகுப்பில் கூப்பேயோ கேபினோ முழுவதும் உங்களுக்கே கிடைத்தால்தான் நாய் கூட வரலாம். இல்லையென்றால் பிரேக் வேனில் நாய்ப் பெட்டிதான். ராத்திரி முழுக்க அந்தப் பெட்டியில் தனியாகக் கிடந்த நாயை மறுநாள் ஓடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நாலு பேராகச் சேர்ந்து வண்டி பிடித்து, மதுரையிலும் திருச்சியிலும் இறக்கி நடக்கவிட்டு, போட்டிக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் வீட்டுத் தண்ணீர் ஒரு கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் தண்ணீர் மாறினால் வயிறு போகும் நாய்கள் உண்டு, பவுன் அதில் ஒருவன்.